மனநிறைவும் சமயமும்
(இரட்சணிய மனோகரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி)

கிறிஸ்து சமயம் புகுந்த பின்னரே என் உள்ளம் நிறைவெய்தியது என்று கூறுவாரைக் காணுந்தோறும் சைவ மக்கள் இரண்டிலொன்றைச் செய்யக் காண்கின்றோம். ஒரு சாரார் அதனைப் பொய்யென்று இகழ்வர். மற்றொரு சாரார் எல்லாச் சமயமும் ஒன்றே என்று கூறி முறுவலித்து அப்பாற் செல்வர். முன்னவர் ஒருவனுடைய அநுபவத்தை மறுக்கின்றனர். பின்னவர் அவன் கூறியதனைச் செவியில் ஏற்கவேயில்லை. அநுபவம் என்பது கேட்டு ஆராயத்தக்க பொருள். அதனை ஆராய்வதற்குத் தமிழ் நன்குணர்ந்த சான்று ஒருவர் வேண்டும். அத்தகையார் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள். அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், இரட்சணிய மனோகரம் என்னும் இரு நூல்களையும் சைவக் கண்கொண்டு நோக்குவதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இளமையிலேயே அக்காப்பியம் மைந்தர்க்கு ஊனோடும் உதிரத்தோடும் கலந்துவிட்டது. 1853இல் சாயர்புரத்துக் கல்விச்சாலையிற் றமிழாசிரியராக அமர்ந்தார். அச்சாலை, பிற்காலத்தில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்ட போப்பையரால் நிறுவப்பட்டதென்பது சைவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. தம்பியார் முத்தையா பிள்ளையும் நண்பர் தனுக்கோடி ராஜுவும் முன்னரே கிறிஸ்து சமயம் புகுந்தனர். நெடிது ஆராய்ந்து 1858இல் சென்னையில் இவரும் ஞானஸ்நானம் பெற்றார். காப்பியம் 1894இலும் மனோகரம் 1899இலும் அச்சேறின. அடுத்த ஆண்டில் ஆசிரியர் உயிர் நீத்தார்.

இவரைப்போல்வார் மதம் மாறியதற்குச் சோறும் கூறையுமே காரணம் எனச் சொல்லும் வழக்கம் நம்மிடை உண்டு. இவ்வாசிரியர்பால் அது சிறிதும் பொருந்தாது. மதம் மாறுவதற்கு முன்னரே மிஷன் சாலையில் ஊதியம் பெற்று வந்த பண்டிதர் அவர். வைணவராகவே இருந்துகொண்டு தமிழ் கற்பிப்பதற்கு ஆங்கு ஒரு தடையும் இருந்ததில்லை. உறவினரும் ஊராரும் முகந் திருப்பும் நிலையைத் தாமே வலிந்து ஏற்றுக்கொண்டவரைக் கூலிக்கு மாறினார் என்பது அறநெறி அன்று. மேலும், எதிரியின் உள்ளத்தை அறியாது அவன் வயிற்றைச் சுட்டிப் பேசுவது தோல்வியுறும் வாதியின் பேச்சாகும். சைவத்திற்கு அத்தகைய வாதம் வேண்டுவதில்லை.

இவ்விடத்து ஒரு செய்தி நினைக்கத்தகும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர் நம் ஆறுமுக நாவலரவர்கள். அப்பாதிரியார் பின்னர்ச் சென்னையில் நடத்திய தினவர்த்தமானி என்னும் இதழில் துணையாசிரியராக இருந்தவர் கிருஷ்ணபிள்ளை. ஒரே பாதிரியார், ஒரே வேதம், இருவரும் தமிழ்க் கடல்கள். ஒருவர் அவ்வேதத்தைச் சொற்சொல்லாக அளந்து பார்த்த பின்னும் திருநீற்றை இகவாது நின்று, 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதி, பாதிரிமார் சைவக் கிரியைகளை இகழ்தற்கு அவர்தம் வேதத்துள்ளேயே விடை உண்டென்று காட்டினார். மற்றவர் அதே வேதத்தைக் கண்ணீரோடு தழுவிக்கொண்டார். நூலறிவொன்றே சமயத்தைத் தீர்மானிப்பதாயின் இருவரும் ஒரே கரையில் நின்றிருத்தல் வேண்டும். அங்ஙனம் நில்லாமையின், உயிர் பற்றுக்கோடு தேடும்போது கல்விக்கு அப்பாற்பட்ட ஒன்று உள்நின்று தொழிற்படுகின்றது என்பது பெறப்படும். அதனையே நம் சாத்திரங்கள் சத்திநிபாதம் என்கின்றன.

இனிக் காப்பியத்தை நோக்குவாம். ஆங்கில நாட்டில் ஜான் புனியன் என்பார் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையே இதற்கு முதல் நூல். புனியன் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டு வாழ்ந்த எளிய தொழிலாளி. அரசாணையை மீறிப் போதித்தமைக்காக நெடுங்காலம் சிறையிற் கிடந்தவர். அவர் உரைநடை சந்தைப் பேச்சைப்போல நேரியது. முதுகிற் பாவச்சுமையோடு ஒருவன் தன் ஊரைவிட்டு ஓடுகின்றான், சேற்றில் விழுகின்றான், சிலுவை நின்ற மேட்டில் சுமை தானே கழன்று உருள்கின்றது. இவ்வளவும் விரைவாக நிகழ்கின்றன. பிள்ளையவர்களோ அதனை ஐந்து பருவங்களாக வகுத்து, மூவாயிரத்திற்கு மேற்பட்ட விருத்தங்களாற் பெருங்காப்பியமாக்கினார். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் இருந்து எழுதுகின்றமையின் இவ்வூர் வழக்காற் கூறின், பாவு புனியனுடையது, ஊடை கம்பனுடையது. பாவு நொய்ய பருத்தியிழையாகவும் ஊடை சரிகையாகவும் இருப்பின் சேலை சில இடங்களில் மின்னும். சில இடங்களிற் பாரந் தாங்காது தொய்யும். இக்காப்பியத்தின் நிலையும் அதுவே. சுமையோடு ஓடுகின்றவனுக்கு நின்று வருணனை கேட்கப் பொழுதேது? கம்பனுடைய நடைக்கு இராமனும் இராவணனும் வேண்டும். குணங்களுக்குப் பெயரிட்டு நடமாடவிட்ட பாத்திரங்கள் அந்நடையின் எடையைத் தாங்கமாட்டா. இவ்வகை உருவகக் கதை தமிழுக்குப் புதிதன்று. சிவப்பிரகாச சுவாமிகள் பிரபுலிங்க லீலையில் மாயையைப் பெண்ணாக்கி அல்லமதேவர்முன் ஆடவிட்டார். ஆண்டு மாயை உண்மையாகவே ஒரு பெண்ணாகி ஏங்குகின்றாள். அவ்வுயிர்ப்பு யாத்திரிகத்து உருவகங்களிற் பலவற்றுக்கு வாய்க்கவில்லை என்பது எம் கருத்து. கிறிஸ்தவக் கம்பர் என்னும் பட்டம் அவருக்குப் புகழாயினும், கம்பர் என்னும் பகுதியே நூலுக்கு இடையூறும் ஆயிற்று.

ஆயினும் கிறிஸ்துநாதர் பாடுபட்ட பகுதிக்கு இக்குறை இல்லை. அடிப்பாரும் இகழ்வாரும் சூழ, தாம் வதையுறும் வேளையிலும் வதைப்பாரைப் பொறுத்தருளுமாறு அவர் வேண்டுகின்ற நிலையைப் பிள்ளையவர்கள் பாடுமிடத்து வருணனை உதிர்ந்துபோகின்றது. வியப்பும் அழுகையுமே எஞ்சுகின்றன. ஆண்டுக் கம்பரும் இல்லை, புனியனும் இல்லை. கிருஷ்ணபிள்ளை ஒருவரே நிற்கின்றார். இப்பகுதியைப் படித்த சைவருக்குச் சேக்கிழார் காட்டிய மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருதல் இயல்பே. திருநீற்று வேடத்தில் வந்து குத்தி வீழ்த்திய முத்தநாதனைக் கொல்ல வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி எல்லை கடத்திவிட்டு வருமாறு பணித்து, அச்செய்தி கேட்கும்வரை உயிர் தாங்கியிருந்தவர் திருக்கோவலூர் மன்னர். இரண்டனுக்கும் வேறுபாடு உண்டு. கிறிஸ்துநாதர் செய்வதறியார் என்று பகைவர்க்கு இரங்கினார். நாயனாரோ பகைவனைப் பகைவனாகவே காணவில்லை. அவன் பூண்ட வேடத்தில் இறைவனைக் கண்டார். முன்னதில் இரக்கம் உயர்ந்து நிற்கின்றது. பின்னதிற் பகை என்பதே தோன்றவில்லை. எது மேல் என்று தருக்கம் செய்வதனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே பயனுடைத்து. அங்ஙனம் படிக்குங்கால் பிள்ளையவர்கள் எதைக் கண்டு உருகினார் என்பது நமக்கு அயலாகத் தோன்றாது.

காப்பியத்தினிடையே தேவாரம் என்று பெயரிட்டு இசைப்பாடல்களை வைத்தார் ஆசிரியர். போற்றித் திருவகவல் என்றே ஒரு நூலும் செய்தார். இப்பெயர்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை நம் அன்பர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இதனைக் களவு என்று சினந்தாரை யாம் கேட்டிருக்கின்றோம். அது களவன்று. பிறந்த வீட்டை நீங்கிப் புகுந்த வீட்டில் வாழும் மகள், அழும்போது தாய் சொல்லிய சொற்களாலேயே அழுகின்றாள். புதிய தெய்வத்தை நோக்கி நெஞ்சுருகிப் பேச விரும்பியபோது, அதற்கேற்ற தமிழ் மாணிக்கவாசகரிடத்தும் ஆழ்வார்களிடத்தும் தாயுமானவரிடத்துமே அவருக்குக் கிடைத்தது. பாதிரிமார் கொணர்ந்த ஞானப்பாட்டுக்களின் மொழிபெயர்ப்பு அவர் அழுகைக்குப் போதவில்லை. சைவத்திற்கு இதனினும் பெரிய சான்றிதழ் வேண்டுமோ?

எனினும் வடிவம் ஒன்றாயினும் உட்கிடை வேறு. திருவாசகத்துப் போற்றித் திருவகவலில் அடிகள் போற்றி சொல்லத் தொடங்குமுன்னர் நெடுவழி நடத்திச் செல்கின்றார். அடிமுடி தேடியதனை முதற்கண் வைத்துப் பல பிறவிகளைத் தப்பி, கருவினுள் மாதந்தோறும் வரும் இடர்களைத் தப்பி, மண்ணிற் பிறந்தபின் பசியையும் பொருளையும் கல்வியையும் சமயவாதிகளின் ஆரவாரத்தையும் தப்பி, இத்தனையும் கடந்த பின்னரே உயிர் மெழுகாகின்றது. அதன்பின் எழுகின்ற போற்றிகள் பெற்ற பேற்றை நினைந்து பெருகுவன. பிள்ளையவர்களின் போற்றி பாவி ஒருவனுக்கு மீட்பர் செய்த உபகாரத்தைச் சுற்றியே சுழல்கின்றது. ஆண்டுப் பிறவிகள் பல இல்லை. ஒரு பிறவி, ஒரு வீழ்ச்சி, ஒரு மீட்பு. ஆகலின் நன்றியறிதல் மிகக் கூர்மையாக ஒலிக்கின்றது. உயிரின் நெடும்பயணம் தரும் விரிவு இல்லை. ஊசியின் கூர்மை வேறு, கடலின் ஆழம் வேறு.

மனோகரத்திலே ஒரு புதுமை காண்கின்றோம். யாத்திரிகக் கதையின்படி பேரின்ப நகரம் சாவென்னும் ஆற்றுக்கு அப்பால் உள்ளது. யாத்திரிகன் ஆற்றைக் கடந்த பின்னரே நிறைவு பெறுவான். மனோகரத்துப் பாடல்களிலோ, ஆசிரியர் இவ்வுடம்போடு இருந்தவாறே பெற்றதனைப் பாடுகின்றார். அஞ்சியது போயிற்று, அடைக்கலம் கிடைத்தது, உள்ளம் குளிர்ந்தது என்பனவே அவற்றின் ஓட்டம். காப்பியத்தில் நிறைவு முடிவில். பாடலில் நிறைவு இப்போது. சித்தாந்தி இவ்விடத்தே கூர்ந்து நோக்கல் வேண்டும். உடம்போடு இருக்கும்போதே எய்தும் நிறைவைச் சீவன்முத்தி என்று நம் நூல்கள் பேசும். கவிஞருடைய அநுபவம் அவர் எடுத்துக்கொண்ட கதையின் வரம்பைக் கடந்து செல்கின்றது. ஆதலின் பிள்ளையவர்களை அறிய விரும்புவார் காப்பியத்தை விட்டு மனோகரத்தையே முதலிற் கற்றல் நன்று.

கதையிலும் ஒரு நுட்பம் உண்டு. சிலுவையடியிற் சுமை கழன்ற பின்னும் யாத்திரிகனுக்கு வழி முடியவில்லை. மலையும் பள்ளத்தாக்கும் அரக்கரும் மாயச் சந்தையும் அதன் பின்னரே வருகின்றன. மன்னிப்புக் கிடைத்த பின்னர் இத்துன்பம் எதற்கு என்று வினவும் மாணாக்கர் உளர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை ஓதினார்க்கு இவ்வினா எழாது. மெய்ஞ்ஞானம் பெற்ற பின்னும் வாசனையாய் வந்து தாக்கும் மலத்தைக் கழுவுக, அன்பரோடு கூடுக, திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே கண்டு தொழுக என்று மெய்கண்டார் விதித்தது இதற்காகவே. புனியனும் தன் யாத்திரிகனுக்கு வழித்துணையாக அன்பரை அனுப்பியிருக்கின்றான். சிறையில் வாடிய தொழிலாளி ஒருவன் தன் நெஞ்சிற் கண்டதும், திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் அருளியதும் இத்துணை அணுகி வருதல் வியத்தற்குரியது.

கொள்கை வேறுபாட்டை மறைத்தல் நேர்மையன்று, அதனையும் சொல்லிவிடுவாம். அச்சமயத்தார் பாவத்திற்கு ஒரு தொடக்கம் கூறுவர். ஆதி மனிதன் கட்டளையை மீறிய நாளே அது. நாம் ஆணவத்தைச் செம்பிற் களிம்புபோல அநாதி என்போம். தொடக்கம் உண்டெனின், தூய உயிர் முதன்முதற் பிழைத்தற்கு ஏது என்ன என்னும் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பிறர் பாவத்தை ஒருவர் சுமத்தல் கூடுமோ என்பது அடுத்த தடை. இங்கே நம்மவர், அவரவர் வினை அவரவர்க்கே என்று கூறி வாயடைத்துவிடுவர். அது முழு விடை ஆகாது. தீக்கையில் ஆசாரியன் மாணாக்கனுடைய சஞ்சிதத்தைச் சுட்டெரிக்கின்றான் என்று நாமே கொள்கின்றோம். பிராரத்தம் ஒன்றே உடலூழாய் நின்று நுகரப்படும். ஆகவே ஒருவர் வினையை மற்றொருவர் அருளால் நீக்குதல் நமக்கும் உடன்பாடே. வேறுபாடு யாதெனின், சைவத்தில் அது கருணையுடைய குருவை அதிட்டித்து நின்று இறைவன் செய்யும் செயல். இறைவன் கருவாய்ப்பட்டுப் பிறப்பதும் இல்லை, துன்புற்று இறப்பதும் இல்லை. நஞ்சுண்டும் நோவாத கண்டம் நம் பெருமானுடையது. நொந்து இறந்த தலைவனைக் கண்டு உருகுவார்க்கு, நோவாத தலைவன் நெடுந்தொலைவில் இருப்பானாகத் தோன்றலாம். தொலைவை நீக்குதற்கன்றோ அவன் திருப்பெருந்துறையிற் குருந்தமரத்தடியில் குருவாய் வந்தமர்ந்தான்?

இனி நம்மை நோக்கிச் சில சொல்ல வேண்டும். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காட்டு மிஷனுக்கு இவ்வாரணியும் ஒரு நிலையமாயிருந்தது. அதனால் இவ்வூரில் வழிவழிக் கிறிஸ்தவர் உளர். புதிதாய்ச் சேர்ந்தாரும் உளர். பட்டுத்தறி நெய்யும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் அச்சமயத்தை அடைந்தார். அவர் பாட்டனார் கார்த்திகைதோறும் திருவண்ணாமலைக்கு நடந்தே சென்று வந்தவர். காரணம் வினவியபோது அவர் கூறியது இது: “ஐயா, கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு என் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார்கள். பிள்ளை நோயாய்க் கிடந்தபோது என் துக்கத்தைக் கேட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று என் பிள்ளையின் பேரைச் சொல்லி அழுதார்கள்.” இதற்கு நாம் சித்தாந்தத்தில் எந்தச் சூத்திரத்தை விடையாக எடுத்தோதுவது? திருநாவுக்கரசர் பதிகங்கள் முழங்காலில் நின்றாரும் அறியாத நெகிழ்ச்சியுடையன. திங்களூரில் அப்பூதியாருடைய மைந்தன் அரவு தீண்டி இறந்தபோது அப்பிள்ளைக்காகப் பாடியவர் அவர். அப்பாடலை அந்நெசவாளர் வீட்டு வாயிலிற் சென்று ஓதியவர் ஒருவருமில்லை. ஓதுவார்க்குக் கோயிலில் இடமும் பொழுதும் வரையறுத்துவிட்டோம். மடங்களில் யாம் பாடங் கேட்ட நாளில் சாத்திரத்தை ஐயந்திரிபறக் கற்பித்தார்கள். துயருற்றவன் வீட்டுக்குச் செல்லுதல் பாடத்திட்டத்தில் இல்லை.

அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில், எவர் எத்தெய்வத்தைக் கொள்ளினும் உமையொருபாகனே அத்தெய்வமாய் வந்து அருள்வான் என்று தெளிவுபடுத்தினார். ஏனைத் தெய்வங்கள் பிறந்தும் இறந்தும் வினை செய்தும் உழல்வன ஆகலின், அவை இன்றி நின்ற முதல்வனே அவ்வழிபாட்டை அறிந்து பயன் தருவான் என்பதும் அவர் காட்டிய ஏது. இதன்படி, கிருஷ்ணபிள்ளை பெற்ற நிறைவு மெய்யானதே. அதனைத் தந்தவன் யார் என்பதில் மட்டுமே நமக்கும் அவர்க்கும் கருத்து வேறுபாடு. சாக்கிய நாயனார் புத்த வேடத்தை நீக்காமலே கல்லெறிந்து வழிபட்டார். அக்கல்லை மலராக ஏற்றவன் வேடத்தையா நோக்கினான்?

ஆனால் பிள்ளையவர்கள் தம் நிறைவை மட்டும் பாடி அமைந்தாரல்லர். தாம் விட்டு வந்த வழிபாட்டையும் பிற தேவர்களையும் பழித்துப் பாடியுள்ளார். இஃது அக்கால மிஷன் வழக்கு என்று சமாதானம் கூறுவர். எமக்கு அது போதிய சமாதானமாகத் தோன்றவில்லை. தமக்குக் கம்பனைத் தந்த தந்தையாரும், போற்றியைத் தந்த வாதவூரரும் இருளிற் கிடந்தவர்களாயின், அவ்விருளிலிருந்து இவ்வளவு ஒளியை இவர் எவ்வாறு கடன் பெற்றார்? கண்டன விருத்தங்களிற் கவிதை மெலிந்து போவதும் கருதத்தக்கது. உருகிய இடத்திற் சொல் தானே வந்து விழுகின்றது. பழித்த இடத்தில் மோனையும் எதுகையுமே மிஞ்சுகின்றன. இது கொள்கை பற்றிய தீர்ப்பன்று, கவிதை பற்றிய தீர்ப்பு. கிறிஸ்தவ அன்பரும் இதனை மறுப்பாரென யாம் எண்ணவில்லை.

நம் பக்கத்துக் கண்டன நூல்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்திற் சமணப் பள்ளித் தலைமை பூண்டிருந்த தம்பியாரைத் திலகவதியார் ஒருநாளும் ஏசினதாகச் சேக்கிழார் கூறவில்லை. திருவதிகையில் விடியுமுன் அலகிட்டும் மெழுகியும் தொண்டுபுரிந்து பெருமானிடமே முறையிட்டார். சூலைநோயோடு இரவில் அவர் வந்து காலில் விழுந்தபோது, ஏன் சென்றாய் என்று ஒரு சொல்லும் வினவாது திருநீற்றை அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

இரட்சணிய மனோகரத்தைத் திருவாசகத்தோடு ஒருங்கு வைத்துப் பாடஞ் சொல்லும் வழக்கம் நம் திருமுறை வகுப்புக்களில் இல்லை. மாணாக்கர் மயங்குவர் என்று சிலர் அஞ்சுவர். போற்றித் திருவகவல் இரண்டனையும் ஒரே நாளில் ஓதிப் பார்ப்பார்க்கு மயக்கம் வருதற்கு இடமில்லை. வாதவூரர் வாக்கின் விரிவு அன்றே புலனாகும். கரையிருப்புக் கவிஞரின் கண்ணீர் உண்மையானதென்பதும் உடன் புலனாகும். எம்மிடம் வாரந்தோறும் பாடங் கேட்கும் இளைஞர் நால்வர்க்கு வருகின்ற மார்கழியில் இவ்விரண்டு அகவலையும் அடுத்தடுத்துச் சொல்ல எண்ணியுள்ளோம். அவர்களுள் ஒருவர் மேற்கூறிய நெசவாளரின் தமையன் மகன்.